கரண்டி பிடிக்காத கை

"எனக்குச் சமைக்கத் தெரியாது!"

இந்த மூன்று சொற்களை நம் நாட்டு ஆடவர் எத்துணைப் பெருமிதத்தோடு உச்சரிக்கின்றனர் என்பதைக் கவனித்திருக்கிறீர்களா, தோழர்களே? படிக்கத் தெரியாது என்று சொல்ல நேரும்போது தலை தாழ்கிறது. கணக்குத் தெரியாது என்பவரின் குரல் கம்முகிறது. நீந்தத் தெரியாது என்பவர்கூட, நதிக்கரையில் நின்று நாணத்தோடுதான் நகைக்கிறார். ஆனால், சமைக்கத் தெரியாது என்று சாற்றும்போது மட்டும் மார்பு நிமிர்கிறது, மீசை முறுக்கேறுகிறது, அறியாமை ஓர் அணிகலனாகிவிடுகிறது! பட்டம் பெற்றதைச் சொல்லும்போதும் காணாத பூரிப்பு, பானை வைக்கத் தெரியாததைச் சொல்லும்போது முகத்தில் பொங்குகிறது!

அதே மூன்று சொற்களை ஒரு பெண் கூறிவிட்டாலோ? "ஐயையோ! பெண்ணாய்ப் பிறந்தும் சமையல் தெரியாதா? இவளை எவன் கட்டுவான்? தாய் என்னதான் சொல்லிக்கொடுத்தாள்?" என்று ஊரே கூடிவிடும். பொறியியல் படித்திருக்கலாம், மருத்துவம் பயின்றிருக்கலாம், வழக்குமன்றத்தில் வாதாடி வாகை சூடியிருக்கலாம். ரசம் வைக்கத் தெரியவில்லையா, அவள் பாதிப் பெண்தான் என்று தீர்ப்பு எழுதிவிடுவார்கள்.

ஒரே அறியாமை. ஆணிடம் இருந்தால் அந்தஸ்து. பெண்ணிடம் இருந்தால் அவமானம். ஒரு தராசு இப்படி இரண்டு எடை காட்டுமானால், அந்தத் தராசைச் சந்தையிலே எவரும் தொடமாட்டார். ஆனால் அதே கள்ளத் தராசை நாம் நடுவீட்டிலே தொங்கவிட்டு, நாள்தோறும் நிறுத்துக்கொண்டிருக்கிறோம்; அதற்குக் குடும்பப் பண்பாடு என்று பெயரும் சூட்டியிருக்கிறோம்!

இது சில்லறைச் செய்தி, சிந்தனைக்குரிய பிரச்சினை அல்ல என்று எண்ணுவோர் இருக்கக்கூடும். அவர்கள் ஒரு வீட்டை மனக்கண்முன் கொண்டுவரட்டும். இரண்டு குழந்தைகள். தாய்க்குக் காய்ச்சல். முதல் நாள், உணவு விடுதியிலிருந்து இட்லி வருகிறது. இரண்டாம் நாள், பரோட்டா வருகிறது. மூன்றாம் நாள், பிஸ்கட்டும் காப்பியும் காலை உணவாகின்றன. பொட்டலத்து நூடுல்ஸ் இரவு உணவாகிறது. நான்காம் நாள், சின்னக் குழந்தைக்கு வயிறு கெடுகிறது. ஐந்தாம் நாள், காய்ச்சல் தணியாத அந்தத் தாய், சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து அடுப்பைப் பற்றவைக்கிறாள். "பார், எப்படி எழுந்துவிட்டாள்! தாயுள்ளம் என்றால் அதுதான்!" என்று சுற்றத்தார் மெச்சுகின்றனர். அவளை எழுப்பியது தாயுள்ளமா? அல்ல, தோழர்களே! அரிசியும் பருப்பும் அடுக்களையிலே இருக்க, அடுப்பும் அருகிலே இருக்க, கைகால் நலத்தோடு ஓர் ஆண்மகனும் வீட்டிலே இருக்க, பசி தீர வழியில்லாமற் போனதே, அந்தக் கொடுமை எழுப்பிற்று அவளை!

காய்ச்சலாவது சில நாளில் போய்விடும். மனைவியை இழந்த தகப்பன் இருக்கிறான். மனைவி வெளியூரில் பணியாற்ற, பிள்ளைகளோடு தனித்து வாழும் தகப்பன் இருக்கிறான். மருத்துவமனையில் இரவுப் பணி புரியும் செவிலியின் கணவன் இருக்கிறான். படிப்பிலும் பணியிலும் இளமையைச் செலவிட்டதால், சமையலைக் கற்க வாய்ப்பில்லாத தாயும் இருக்கிறாள். இவர்கள் எல்லாருடைய வீட்டிலும் குழந்தைக்கு மூன்று வேளையும் பசிக்கும். "அப்பாவுக்குத் தெரியாதடா கண்ணே" என்று சொன்னால் அந்த வயிறு அடங்குமா?

மத்திய அரசின் புள்ளிவிவரத் துறை 2019-ஆம் ஆண்டு முழுவதும் ஓர் ஆய்வு நடத்திற்று. நாட்டு மக்கள் நாளின் 24 மணி நேரத்தை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று கணக்கெடுத்தது. சமையல், துப்புரவு முதலிய கூலியற்ற வீட்டு வேலைகளில் ஒரு நாளில் ஈடுபடும் பெண்கள் 100-க்கு 81 பேர். ஆண்கள் 26 பேர். ஈடுபடுகிறவர்களிலும், பெண் செலவிடும் நேரம் நாளொன்றுக்கு 299 நிமிடம். ஆண் செலவிடுவது 97 நிமிடம். ஏறத்தாழ ஐந்து மணி நேரம்! ஓர் அலுவலகத்தின் அரை நாளைக் காட்டிலும் அதிகம். ஊதியம் இல்லை, விடுமுறை இல்லை, ஓய்வூதியம் இல்லை. "வீட்டிலே சும்மாத்தான் இருக்கிறாள்" என்ற பட்டம் மட்டும் உண்டு!

இதைச் சுட்டிக்காட்டினால், பழமையின் காவலர்கள் பாய்ந்து வருகிறார்கள். அவர்தம் வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

"சமையல் பெண்ணின் இயற்கை, அவள் கைக்கே உரிய கலை" என்பது முதல் வாதம். அப்படியா? இவர்கள் போற்றும் புராணத்தையே சாட்சிக்கு அழைப்போம். சுவையான உணவுக்கு இவர்கள் இட்ட பெயர் என்ன? நளபாகம்! பீமபாகம்! தமயந்தி பாகம் என்றோ, பாஞ்சாலி பாகம் என்றோ எவரும் சொல்லக் காணோம். நளன் நாடாண்ட மன்னன். பீமன் கதை தாங்கிய வீரன். இருவரும் அடுக்களையிலே நின்றதாகத்தான் கதை. சங்க நூலான சிறுபாணாற்றுப்படைகூட, பீமன் பெயரால் வழங்கிய சமையல் நூலின் முறை தவறாமல் ஆக்கிய உணவைப் பற்றிப் பேசுகிறது. புராணத்திலே ஆண் சமைத்தால் அது மாட்சி; புறநகர் வீட்டிலே ஆண் சமைத்தால் அது வீழ்ச்சியா?

புராணம் கிடக்கட்டும். ஆயிரம் பேர் உண்ணும் திருமண விருந்தை ஆக்குவது யார்? பெரும்பாலும் ஆண்கள். உணவு விடுதிகளில் மாவு ஆட்டி, தோசை வார்த்து, பரோட்டா வீசி, பிரியாணிக்குத் தம் போடுகிறவர் யார்? 'மாஸ்டர்' என்று மரியாதையோடு அழைக்கப்படும் ஆண்கள். அங்கெல்லாம் கரண்டி பிடித்த கையின் ஆண்மை கரைந்துவிட்டதாக எவரும் புகார் சொல்லவில்லை. கூலி கிடைத்தால் ஆணின் தொழில். கூலி கிடைக்காவிட்டால் பெண்ணின் இயற்கை. இந்த 'இயற்கை'யின் இலக்கணம் இதுதான்!

"சங்க காலம் தொட்டே இப்படித்தான்" என்பது அடுத்த வாதம். குறுந்தொகையின் 167-ஆம் பாட்டைக் காட்டுவார்கள். கூடலூர் கிழார் பாடியது. தயிரைப் பிசைந்த மென்விரலைத் தன் ஆடையிலேயே துடைத்துக்கொண்டு, தாளிப்பின் புகை கண்களில் நிறைய, புளிக்குழம்பு ஆக்கிக் கணவனுக்குப் படைக்கிறாள் ஒரு தலைவி. இனிது என்று சொல்லி அவன் உண்கிறான். அவள் முகம் நுட்பமாக மலர்கிறது. அழகிய பாட்டு, ஐயமில்லை. புதுக்குடித்தனத்தின் அன்பைப் பொன்போல் பொதிந்துவைத்த பாட்டு. ஆனால், அதைக் காட்டி நம்மைக் கட்டிப்போட நினைப்பவரை ஒன்று கேட்போம். அந்தப் புகை அவள் கண்ணில் மட்டும்தான் நிறைய வேண்டும் என்று கூடலூர் கிழார் எங்கே சொன்னார்? அன்று ஒரு வேளை அவள் ஆக்கினாள். அதை ஆண்டு பல நூறுக்கும், வேளை மூன்றுக்கும் நிரந்தரச் சாசனமாக எழுதிக்கொண்டது யார்? கவிதையைச் சட்டமாக்கிக் கழுத்திலே மாட்டுவது, கவிஞனுக்குச் செய்யும் பெருமையன்று.

"உழைத்துக் களைத்து வருகிறோம், அடுப்படியில் நிற்க உடலில் வலு ஏது?" என்பது மூன்றாவது வாதம். கட்டடம் எழும்பும் இடத்திற்குச் சென்று பாருங்கள். அங்கே கொத்தனார் கணவன், சித்தாள் மனைவி. ஒரே வெயில், ஒரே சுண்ணாம்பு, ஒரே மாலை, ஒரே பேருந்து. வீடு வந்து சேர்ந்ததும் அவன் திண்ணையிலே சாய்கிறான். அவள் தலைச்சும்மாட்டை இறக்கிவிட்டு உலையை ஏற்றுகிறாள். களைப்பு என்பது ஆணின் காலுக்கு மட்டும் தெரிந்த வழியா? அவளுடைய எலும்பு இரும்பால் ஆனதா? உழைத்தவர் இருவர் என்றால் ஓய்வும் இருவருக்கும், உலையும் இருவருக்கும். இதற்குமேல் ஒரு நியாயம் எந்த ஏட்டிலும் இல்லை.

"கடைகள்தாம் தெருவெங்கும் இருக்கின்றனவே! ஒரு பொத்தானைத் தட்டினால் உணவு வாசலுக்கு வருகிறதே!" என்பார் நவநாகரிக நண்பர். வரட்டும், ஒரு நாள் வரட்டும், இரண்டு நாள் வரட்டும். விடுதி உணவே விஷம் என்று பயமுறுத்துவது நம் நோக்கமன்று. ஆனால் நாள்தோறும் குழந்தைக்கு அதுவே கதி என்றால், அதில் எவ்வளவு எண்ணெய், எவ்வளவு உப்பு என்பதை நிர்ணயிப்பவர் பெற்றவர் அல்லர், விற்றவர். பெரியவர் ஒருவர் நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு உண்ண வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுத்திருக்கிறது. குழந்தைக்கு அதனினும் குறைவு. 5 கிராம் என்பது ஒரு தேக்கரண்டி. ஊறுகாய், அப்பளம், சிப்ஸ், பொட்டலத்து மசாலா என்று நான்கு பக்கமும் உப்பு ஒளிந்து வரும்போது, அந்த அளவு எங்கே நிற்கும்? செலவைக் கேட்கவே வேண்டாம். கடையில் ஒரு குடும்பம் ஒரு வேளை உண்ணும் பணத்தில், அரிசியும் பருப்பும் முட்டையும் கீரையும் வாங்கிப் பல வேளையை ஓட்டலாம்.

கடைசி வாதம் ஒன்று இருக்கிறது. அது மிகவும் தந்திரமானது. பார்ப்பதற்குப் புகழ்ச்சிபோல் இருப்பது. "அவள் கைப்பக்குவம் எனக்கு வருமா? அவள் கைமணம் எவருக்கு உண்டு?" என்பது அது. புகழ்ந்தே விலங்கு பூட்டும் வித்தை! சமையல் ஏதோ மந்திரம், அது சில கைகளுக்கே சித்திக்கும் வரம் என்று பேசிவிட்டால், கற்றுக்கொள்ள வேண்டிய கடமை ஒழிந்துபோகிறதல்லவா?

அந்த மந்திரத்தின் மர்மத்தை உடைப்போம். சமையல் என்பது சூடு, நீர், உப்பு, நேரம் ஆகிய நான்கின் கணக்கு. அந்தக் கணக்கிலும் கடினமான பகுதியை ஒரு பாத்திரமே பார்த்துக்கொள்கிறது. 1679-இல் டெனிஸ் பாப்பின் என்ற பிரெஞ்சு அறிவியலார், மூடியை இறுக்கி நீராவியை அடைத்து, எலும்பையும் மெத்தென வேகவைக்கும் கலம் ஒன்றை அமைத்தார். அதன் வழித்தோன்றல்தான் இன்று நம் அடுக்களையில் விசிலடிக்கும் குக்கர். திறந்த பானையில் நீர் 100 டிகிரியில் கொதிக்கும். இதனுள்ளே அழுத்தத்தால் 120 டிகிரி வரை எட்டும். ஆகவே பருப்பு விரைவில் குழைகிறது. இதில் கைமணத்திற்கு என்ன வேலை? தொழிற்சாலையில் நீராவிக் கொதிகலனைக் கட்டி ஆள்கிறவன், இரயிலை ஓட்டுகிறவன், கைப்பேசிக்குள் உலகத்தைச் சுழற்றுகிறவன், மூன்று விசில் எண்ண முடியாது என்றால் நம்பும்படியாகவா இருக்கிறது?

வாதத்தை வென்றால் மட்டும் வயிறு நிறையாது என்பதை அறிவோம். ஆகவே, சமைக்கத் தெரியாத தகப்பனுக்கும், சமைக்கத் தெரியாத தாய்க்கும் இங்கேயே வழியையும் சொல்லிவிடுவோம். பெரும் பட்டியல் தேவையில்லை. ஒரு விதி போதும்: ஒவ்வொரு வேளையும் தட்டிலே ஒரு தானியம், ஒரு பருப்பு அல்லது முட்டை அல்லது மீன், ஒரு காய் அல்லது கீரை; நாளில் ஒரு முறை தயிரோ மோரோ, ஒரு பழம். இவ்வளவே.

முதலாவது, பருப்புச் சாதம். ஒரு டம்ளர் அரிசி. அரை டம்ளர் பாசிப்பருப்பு. இரண்டையும் கழுவிக் குக்கரில் இட்டு, ஐந்து டம்ளர் நீர் ஊற்றுங்கள். நறுக்கிய தக்காளி ஒன்று, காரட் ஒன்று, கைப்பிடி கீரை, சிட்டிகை மஞ்சள், அளவாக உப்பு. குக்கர் பாதிக்குமேல் நிரம்பக்கூடாது. நான்கு விசில். அடுப்பை அணைத்து, ஆவி தானாக அடங்கும் வரை மூடியைத் தொடாதீர்கள், அவசரம் ஆகாது. கடைசியில் ஒரு கரண்டி எண்ணெயிலோ நெய்யிலோ சீரகம் பொரித்துக் கொட்டி, எலுமிச்சை பிழியுங்கள். உணவு ஆயிற்று! இது ஏழையின் எளிய சோறு என்று எள்ளுவோர் அறியட்டும்: அரிசியின் புரதத்தில் லைசின் என்னும் சத்து குறைவு, அது பருப்பிலே நிறைய உண்டு. பருப்பில் மெத்தியோனின் குறைவு. அதை அரிசி ஈடுசெய்கிறது. ஒன்றன் குறையை மற்றொன்று நிறைக்கும் இந்த இணைப்பிலே, இல்லறத்துக்கும் ஒரு பாடம் இருக்கத்தான் செய்கிறது.

இரண்டாவது, முட்டை. கொதிக்கும் நீரில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் கிடந்தால் அது உணவாகிவிடுகிறது. ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் புரதம். வெங்காயமும் தக்காளியும் வதக்கி, அதன்மேல் இரண்டு முட்டை உடைத்து ஊற்றிக் கிளறினால் சோற்றுக்கும் தோசைக்கும் துணை. முட்டை உண்ணாதவர் வீட்டில், அந்த இடத்தைச் சுண்டல் பிடித்துக்கொள்ளட்டும். இரவு படுக்குமுன் கொண்டைக்கடலையை நீரில் போட்டுவிட்டுத் தூங்குங்கள். பாதி வேலையைத் தண்ணீரே செய்துவிடும். காலையில் ஆறு விசில். கடுகு, கறிவேப்பிலை, கொஞ்சம் தேங்காய், முடிந்தது.

மூன்றாவது, கேழ்வரகுக் கஞ்சி. இரண்டு மேசைக்கரண்டி மாவை முதலில் குளிர்ந்த நீரில் கரையுங்கள். சுடுநீரில் கொட்டினால் கட்டி தட்டும். புதியவர் தோற்பது இந்த ஓரிடத்தில்தான். கரைத்த மாவை ஒரு டம்ளர் நீரோடு அடுப்பில் வைத்து, ஏழெட்டு நிமிடம் கைவிடாமல் துழாவுங்கள். ஆறியபின் மோரும் உப்பும், நறுக்கிய சின்ன வெங்காயமும் சேர்த்தால் பெரியவருக்கு. பாலும் வாழைப்பழமும் சேர்த்தால் பிள்ளைக்கு. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. எலும்பு வளரும் வயதுக்கு இதைவிட மலிவான மருந்து ஏது?

நான்காவது, காய்கறி உப்புமா. ஒரு டம்ளர் வறுத்த ரவைக்கு இரண்டரை டம்ளர் நீர். பட்டாணி, பீன்ஸ், காரட் ஆகியவற்றை முதலில் எண்ணெயில் வதக்கி, நீரில் வேகவிட்டு, பிறகு ரவையைத் தூவிக் கிளறுங்கள். ரவைக்குச் சமமாகக் காய் இருக்கட்டும். அப்போதுதான் அது வெறும் மாவுச்சத்தாக நின்றுவிடாது. ஐந்தாவது, தயிர்ச்சோறு. அதற்கு அடுப்புகூடத் தேவையில்லை. காலையில் வடித்த சோற்றைப் பிசைந்து, தயிர் ஊற்றி, துருவிய காரட்டும் வெள்ளரியும் சேர்த்து, வேகவைத்த பயறு ஒரு கரண்டியைப் பக்கத்தில் வைத்தால், கோடைப் பகலுக்கு நிறைவான உணவு.

ஐந்தே உணவு. எதற்கும் சமைக்கும் நேரம் அரைமணிக்குமேல் போகாது. இந்த ஐந்தையும் மாற்றி மாற்றிச் செய்யக் கற்றவன் வீட்டில், தாய் படுத்தாலும் குழந்தை பட்டினி கிடக்காது. தாய் இல்லாவிட்டாலும் குழந்தை வாடாது.

"இது எளிய உணவு, இதில் சத்து ஏது, சிறப்பு ஏது?" என்று உதடு பிதுக்குவோர் உண்டு. அவர்களுக்கு நாட்டின் நிலையைக் காட்டுவோம். 2019–21-இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 100-க்கு 67 பேருக்கு இரத்தசோகை. 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 100-க்கு 57 பேருக்கு இரத்தசோகை. ஐந்து மணி நேரம் அடுப்படியில் நின்று, எல்லாருக்கும் படைத்துவிட்டு, சட்டியில் மிஞ்சியதை வழித்து உண்கிறாளே, அவள் இரத்தத்திலேதான் சிவப்பு குறைகிறது! இரத்தசோகைக்குக் காரணம் பல. ஆனால், இரும்புச்சத்துக் குறைவு அவற்றில் முதன்மையானது. அதற்கு மாற்று, ஏழு வகைக் கூட்டும் பொரியலும் அல்ல. கீரை, பயறு, முட்டை, இறைச்சி. கூடவே ஓர் எலுமிச்சையோ நெல்லிக்காயோ கொய்யாவோ. அவற்றிலுள்ள வைட்டமின் சி, கீரையிலும் பயற்றிலும் உள்ள இரும்பை உடல் ஏற்கத் துணைசெய்கிறது. உணவு உண்ட கையோடு தேநீர் குடிக்கும் பழக்கமோ, அதைத் தடுக்கிறது. உணவுக்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணி நேரம் விட்டால் போதும். இதற்குச் செலவு என்ன? சிரமம் என்ன?

இன்னொன்றும் கூறவேண்டும். எளிய உணவைக் கண்டு முகம் சுளிப்பவர் யார் என்று பார்த்தால், பெரும்பாலும் அடுப்புப் பக்கமே போகாதவர்தாம். "இட்லிக்கு ஒரு சட்னிதானா?", "நேற்று வைத்த குழம்பா?", "சாம்பாரோடு இரண்டு கறியாவது வேண்டாமா?" என்று நாவுக்கு நாட்டாண்மை கொடுத்தவர் அவர். தாமே கரண்டியைப் பிடித்துப் பார்க்கட்டும். ஒரு வாரத்தில் ஒரு சட்னி போதும் என்ற ஞானம் தானாக உதிக்கும்! ஆடவர் அடுக்களைக்குள் நுழைவதால் வரும் முதல் சீர்திருத்தம் அதுவாகத்தான் இருக்கும். ஐந்து மணி நேர உழைப்பு இரண்டு மணி நேரமாகச் சுருங்கும். சுருங்கிய நேரத்தில் அவளும் ஓர் ஏடு புரட்டலாம். ஒரு கூட்டத்துக்குச் செல்லலாம். சும்மா சாய்ந்து வானத்தைப் பார்க்கலாம். அதற்கும் அவளுக்கு உரிமை உண்டு.

மற்றொரு பக்கம், மகனைப் பெற்ற தாய்மாரையும் ஒரு வார்த்தை கேட்கவேண்டியிருக்கிறது. "என் பிள்ளையை அடுப்படியில் விடுவேனா?" என்று பெருமை பேசும் அம்மையீர்! அவனுக்கு நீச்சல் கற்றுக்கொடுத்தீர்கள், ஆற்றிலே விழுந்தால் பிழைப்பான் என்று. பசியிலே விழுந்தால் பிழைக்க வேண்டாமா? படிப்புக்கோ பணிக்கோ அவன் வெளியூர் சென்று, விடுதிச் சோற்றில் வயிறு புண்ணாகித் திரும்பும்போது, உங்கள் பாசம் அவனுக்கு என்ன வழி காட்டிற்று? மகளுக்குப் பத்து வயதில் கரண்டியும் மகனுக்குப் பத்து வயதில் பந்தும் கொடுத்தது நீங்கள்தாமே? இரண்டையும் இருவருக்கும் கொடுத்தால் வானம் இடிந்து விழாது.

கேரளத்தில் விழவில்லை. 2024-ஆம் ஆண்டு அங்கே மூன்றாம் வகுப்புப் பாடநூலில் அடுக்களைப் படம் ஒன்றை வெளியிட்டார்கள். அதில் தந்தை தேங்காய் துருவிக்கொண்டிருக்கிறார். எட்டு வயதுக் குழந்தை அதைப் பார்க்கிறது. வீடு என்றால் இப்படியும் இருக்கும் என்று படிக்கிறது. ஒரு படம்தானே என்று நினைக்காதீர்கள். "அம்மா சமைக்கிறாள், அப்பா பத்திரிகை படிக்கிறார்" என்று தலைமுறை தலைமுறையாக நாம் படித்ததும் ஒரு படத்தைத்தானே!

தமிழகத்தின் கதை இன்னும் வியப்பானது. பசித்த பிள்ளை படிக்க முடியாது என்று உணர்ந்து, 1920-இல் பிட்டி தியாகராயர் தலைமையில் இருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு உணவு வழங்கிற்று. 1956-இல் காமராசர் ஆட்சி மதிய உணவை மாநிலமெங்கும் பரப்பியது. 1982-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் அது சத்துணவாக விரிந்தது. 2022-இல் காலை உணவும் சேர்ந்தது. ஊரார் பிள்ளைக்கு உணவூட்ட ஒரு நூற்றாண்டாக அரசே கரண்டியைத் தூக்கி நிற்கிறது. கோப்புகளும் ஆணைகளும் அதிகாரிகளும் அடுப்படிவரை வந்துவிட்டார்கள். கூடத்திலே அமர்ந்திருக்கும் தகப்பன் மட்டும், பத்தடி தூரம் நடந்து அந்த அடுப்படிக்கு வரவில்லை! பெற்ற பிள்ளைக்கு ஒரு வேளை சோறு ஆக்குவது, அரசாங்கத்தால் முடிகிறது, அப்பனால் முடியாது என்றால், இதைக் கேட்டு நாடு நகைக்காதா?

தோழர்களே! மேடையிலே பெண்ணுரிமை பேசுகிறோம். சொத்திலே சமபங்கு வேண்டும் என்கிறோம்; சட்டமன்றத்திலே இடம் வேண்டும் என்கிறோம். பேச்சை முடித்து, மாலையைக் கழற்றி வைத்து, வீட்டுக்கு வந்ததும், "சாப்பாடு தயாரா?" என்று கேட்கிறோம். மேடையில் முழங்கிய சமத்துவம் வாசற்படி தாண்டியதும் செருப்போடு வெளியே நின்றுவிடுகிறது. உரிமை என்பது ஊர்க்கூட்டத்தில் கைதட்டல் வாங்கும் சொல் மட்டுமானால், அதனால் ஒரு பெண்ணின் முதுகுவலியும் குறையாது.

சமைக்கத் தெரியாத தாய் வெட்கப்படவேண்டாம். அவள் மற்றொன்றைக் கற்றுக்கொண்டிருந்தாள். இதையும் கற்றுக்கொள்வாள், அல்லது அவள் கணவன் கற்றுக்கொள்வான். சமைக்கத் தெரியாத தகப்பனும் வெட்கப்பட்டு வீணே காலம் கழிக்கவேண்டாம். அவன் விடவேண்டியது, தெரியாது என்பதில் கொண்ட பெருமையை. கற்கவேண்டியது, ஐந்தே உணவை. முதல் நாள் சோறு குழையும். இரண்டாம் நாள் உப்புக் கூடும். மூன்றாம் நாள் பருப்பு அடிப்பிடிக்கும். பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்! மிதிவண்டி பழகியபோது விழாதவர் எவர்? ஒரு மாதம் போகட்டும். அதே பிள்ளைகள், "அப்பா, இன்றைக்கு உங்கள் பருப்புச் சாதம்" என்று கேட்பார்கள்.

அரிசி இருக்கிறது, பருப்பு இருக்கிறது, குக்கர் இருக்கிறது, இரண்டு கைகளும் இருக்கின்றன. இன்று மாலை, மனைவி அடுப்படிக்கு எழும்முன் நீங்கள் எழுங்கள். ஒரு டம்ளர் அரிசி, அரை டம்ளர் பருப்பு, ஐந்து டம்ளர் நீர். விசிலை எண்ணுங்கள்.